கெட்டரிங்கின் சிறு மோட்டாரும் பழைய காரின் பிடிவாதமும்

உங்கள் வீட்டில் பழைய கார் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சாவியைத் திருப்பியதும் ஓடத் தொடங்குகிறது. நண்பகலில் கடைத்தெருவில் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஓர் ஒலி மட்டுமே கேட்கிறது. அரை மணி நேரம் கழித்துத் திருப்பினால், ஒன்றுமே நடவாததுபோல் ஓடுகிறது! பட்டறைக்குக் கொண்டு சென்றாலோ, அங்கும் முதல் திருப்பிலேயே ஓடுகிறது. "வண்டியில் ஒரு கோளாறும் இல்லையே!" என்கிறார் மெக்கானிக். வந்து வந்து மறையும் இக்கோளாறின் காரணம் என்ன? அதை அறிய நாம் 1911-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

பெட்ரோல் எஞ்சின் தானாகப் புறப்படாது. யாரேனும் அதைச் சுழற்றி, பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை உள்ளிழுத்து அமுக்கச் செய்தால்தான் முதல் வெடிப்பு நிகழும். அக்காலத்தில் காரின் முன்புறத்தில் இரும்பு ஹாண்டிலைச் செருகிக் கையால் சுழற்றினார்கள். மின்பொறியைத் தாமதப்படுத்தும் நெம்புகோலைச் சரியான நிலையில் வைக்க மறந்தால், பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே கலவை வெடித்து, ஹாண்டில் பின்னோக்கி உதைக்கும். இதனால் கை முறிந்தவர்கள் பலர்.

இதற்கு முடிவுகட்ட விரும்பினார் காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லீலண்ட். அமெரிக்காவின் டேட்டன் நகரில் 1909-இல் தொடங்கப்பட்ட 'டெல்கோ' நிறுவனத்தின் சார்லஸ் கெட்டரிங் அப்பணியை ஏற்றார். எஞ்சினைச் சுழற்றும் அளவுக்குப் பெரிய மின்மோட்டாரைக் காரில் வைக்க இடமில்லை என்பதே பொறியியலாளர் பலரின் கருத்து.

கெட்டரிங் வேறு விதமாகச் சிந்தித்தார். அவர் முன்பு பணப்பதிவு எந்திர நிறுவனமொன்றில் பணியாற்றியபோது, அந்த எந்திரத்தை இயக்கும் சிறு மோட்டாரை அமைத்தவர். நாள் முழுதும் உழைக்கும் மோட்டார் பெரிதாக இருக்க வேண்டும். சில வினாடிகளே உழைக்கும் மோட்டார் சிறிதாகவே இருக்கலாம். அதன்மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றினாலும், அது சூடேறிக் கெடுமுன் வேலை முடிந்துவிடும்! இக்கருத்து வென்றது. 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்கள் மின்ஸ்டார்ட்டருடன் வெளிவந்தன.

நம் பழைய காரின் பிடிவாதமும் இதே கருத்தில்தான் மறைந்திருக்கிறது. சிறு மோட்டார் பெருவேலை செய்ய வேண்டுமானால், அச்சில வினாடிகளில் பெரும் மின்னோட்டம் பாய வேண்டும். 12 வோல்ட் பாட்டரியுள்ள காரில் ஸ்டார்ட்டருக்கு 150 ஆம்பியர் மின்னோட்டம் செல்வதாகக் கொள்வோம். பாட்டரி முனையில் படிந்த களிம்பினால் அங்கே 0.02 ஓம் தடை ஏற்பட்டிருக்கிறது. ஓம் விதியின்படி அம்மின்னோட்டத்திற்கு அங்கு இழப்பாகும் அழுத்தம் 150 × 0.02 = 3 வோல்ட். ஸ்டார்ட்டர் வலிமை இழக்கிறது. முன்விளக்குகளுக்குச் சுமார் 10 ஆம்பியரே வேண்டும். அவற்றுக்கு இழப்பு 0.2 வோல்ட்தான். எனவே விளக்கு பளிச்சென்று எரிகிறது, எஞ்சின் சுழல மறுக்கிறது. "விளக்கு எரிகிறதே, மின்சாரப் பகுதி நன்றாகத்தான் இருக்கிறது" என்று நினைத்துப் பலர் ஏமாறுவது இங்கேதான்.

சரி, கோளாறு ஏன் வந்து வந்து போகிறது? வெப்பம் ஒரு காரணம். செம்பின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அதன் தடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுகிறது. ஓடிச் சூடான எஞ்சினின் அருகிலுள்ள சாலினாய்டுச் சுருளில் அதே பாட்டரி செலுத்தும் மின்னோட்டம் குறைகிறது. காலையில் எப்படியோ சமாளித்த கம்பிகளும் இணைப்புகளும் நண்பகலில் தோற்றுவிடுகின்றன. ஆறியதும் மீண்டும் சமாளிக்கின்றன. தளர்ந்த இணைப்பு அதிர்வினால் சற்றே நகர்ந்து, தற்காலிகமாகச் சரியாகிவிடுவதும் உண்டு.

ஆகவே கோளாறு இருக்கும்போதே அதைச் சோதிக்க வேண்டும். முதலில் கியரை நியூட்ரலில் வைத்துக் கைபிரேக்கைப் போடுங்கள். பிறகு ஒரு வோல்ட்மானியின் ஒரு கம்பியைப் பாட்டரியின் நேர்முனையிலும், மற்றதை ஸ்டார்ட்டரின் தடித்த கம்பி இணையும் முனையிலும் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வழியில் தடை இருக்கிறது. எஞ்சின் உடலுக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையிலும் இவ்வாறே அளக்க வேண்டும். துருப்பிடித்த எர்த் பட்டையைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. இரண்டும் சரியாக இருந்து, பாட்டரி முனைகளிலேயே அழுத்தம் 9 வோல்ட்டுக்குக் கீழ் விழுந்தால் முதலில் பாட்டரியைச் சந்தேகிக்கலாம்.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் ஓடவில்லையா? அப்போது ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு மின்பொறியையும், அதன் பின் பெட்ரோல் வரத்தையும் பாருங்கள். பிளாட்டினம் பாயின்ட், கண்டென்சர், காயில் ஆகியவை சேர்ந்த பழைய மின்பொறி அமைப்பும் கெட்டரிங்கின் பெயரோடு இணைந்ததே. சூட்டில் மட்டும் கெடும் கண்டென்சரும் காயிலும் ஆறியவுடன் நல்லவைபோல் நடிக்கும்!

அளக்காமல் ஒரே நாளில் பாட்டரி, ஸ்டார்ட்டர், காயில் மூன்றையும் மாற்றுபவரின் கார் ஒருவேளை ஓடலாம். ஆனால் குற்றவாளி எது என்பது அவருக்குத் தெரியாது. செலவோ மூன்று மடங்கு. சிலவேளை உண்மைக் குற்றவாளி ஒரு கம்பித்தூரிகையால் ஐந்து நிமிடத்தில் துலக்கிவிடக்கூடிய களிம்புதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்து வையுங்கள். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்ற இந்த ஒழுங்கு, தெருவோரத்தில் நின்றுவிட்ட காருக்கும் பொருந்தும்.