கேள்வி ஞானத்தால் பிரெஞ்சு: பாடல்வழி மொழி கற்றலின் தமிழக வரலாறு

பாடல்வழி மொழி கற்றல் என்பது ஓர் அயல்மொழியின் பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்டும், உடன் பாடியும் அம்மொழியின் ஒலி, சொல், தொடர் அமைப்பு ஆகியவற்றைப் பழகும் முறையாகும். முறைப்படி ஆசிரியரிடம் பயிலாமல் கேட்டே இசை அறிந்தவரைக் ‘கேள்வி ஞானம்’ உள்ளவர் என்று சொல்வது தமிழ் மரபு. திருக்குறளில் ‘கேள்வி’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. செவியால் வரும் அறிவைத் தமிழர் குறைவாக எண்ணியதில்லை. பிரெஞ்சு மொழியைப் பொறுத்தவரை இவ்வறிவுக்குத் தனித் தேவை இருக்கிறது. அம்மொழி எழுதப்படுவது ஒருவகை, ஒலிக்கப்படுவது வேறுவகை. புத்தகத்தை மட்டும் நம்பிப் படிப்பவர் எழுதக் கற்றுவிடுவார். பேச்சு காதில் விழும்போது திகைத்து நிற்பார். இந்த இடைவெளியைப் பாடல் எவ்வளவு தூரம் நிரப்பியது, எங்கே அதனால் இயலவில்லை என்பதைச் சென்னை, புதுச்சேரி வரலாற்றின் துணையுடன் இக்கட்டுரை கூறுகிறது.

மெட்டு முதலில் வந்தது

மொழி வருவதற்கு முன்பே ஐரோப்பிய மெட்டு சென்னைக்கு வந்துவிட்டது. கர்நாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தார். அவர் குடும்பத்தை ஆதரித்த மணலி முதலியார்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் நெருங்கிய தொடர்பு இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் வாசிக்கப்பட்ட பாண்டு வாத்திய இசையைத் தீட்சிதரும் அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதரும் கேட்டனர். தம்பி வயலின் பயின்று அக்கருவியைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். அண்ணன், கேட்ட மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். 40 அளவில் கிடைக்கும் அப்பாடல்கள் ‘நோட்டுஸ்வரம்’ எனப்படுகின்றன. அவை சங்கராபரண இராக அளவில் அமைந்தவை.

அவற்றுள் ‘சக்தி ஸஹித கணபதிம்’ என்ற பாடலின் மெட்டு, ‘வூலே வூ தான்ஸே’ என்ற பிரெஞ்சு நடனப் பாட்டிலிருந்து வந்தது என்று இசை ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பாட்டு வகுப்புக்குப் போகும் குழந்தைகள் தொடக்கத்திலேயே கற்கும் பாடல்களில் அதுவும் ஒன்று. பிரெஞ்சில் ஒரு சொல்லும் அறியாமலேயே ஒரு பிரெஞ்சு மெட்டைப் பல தலைமுறைகள் பாடி வந்திருக்கின்றன. மெட்டு மொழியின் துணையின்றிப் பயணம் செய்யும் என்பதற்கு இது சான்று. ஆனால் மெட்டோடு மொழியும் வரவேண்டுமானால் சொல்லும் உடன் வரவேண்டும்.

புதுச்சேரியில் சொல்லும் சேர்ந்தது

பிரெஞ்சுக்காரர் 1674-இல் புதுச்சேரியில் நிலைகொண்டனர். அவர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே நின்றவர்கள் துபாஷிகள். துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய தமிழ் நாட்குறிப்பு புகழ்பெற்றது. துபாஷியின் வேலைக்கு எழுத்தைவிடக் காதும் நாவுமே முதன்மை. சந்தையிலும் கோட்டையிலும் பேச்சைக் கேட்டே மொழி பழகிய காலம் அது.

பள்ளி வழியான பிரெஞ்சு 19-ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. இன்றைய பிரெஞ்சு லிசேயின் முன்னோடியான கல்லூரி 1826-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. குளூனி கன்னியர் 1827-இல் வந்து பெண்கல்விப் பணியைத் தொடங்கினர். பிரான்சில் 1882-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம், பாடத்திட்டத்தில் இசையின் அடிப்படை அறிவையும் சேர்த்தது. ‘ஃப்ரேர் ஜாக்’ போன்ற சிறுவர் பாடல்கள் பிரெஞ்சு பேசும் உலகெங்கும் மழலையர் வகுப்பின் முதல் பாடமாக விளங்குகின்றன. ஒரு குழு முதல் அடியை முடிக்கும்போது மற்றொரு குழு அதைத் தொடங்கும் சுழற்பாடல் அது. கவனம் தப்பினால் தாளம் கெடும் என்பதால் குழந்தைகள் ஒவ்வோர் அசையையும் கூர்ந்து கேட்கப் பழகுகிறார்கள்.

பிரெஞ்சு தேசிய கீதமான ‘லா மார்செய்யேஸ்’ 1792 ஏப்ரலில் ஸ்திராஸ்பூர் நகரில் ரூழே த லீல் என்ற படை அதிகாரியால் இயற்றப்பட்டது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த சுப்பிரமணிய பாரதியார் பிரெஞ்சு மொழியைக் கற்றார். அந்தக் கீதத்தைத் தமிழிலும் ஆக்கினார். தீட்சிதர் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். பாரதியார் சொல்லின் பொருளையும் தேடிச் சென்றார்.

சென்னை வகுப்பறைகளில் பிரெஞ்சு

பிரெஞ்சு மொழியைப் பரப்பும் நோக்குடன் அலியான்ஸ் பிரான்சேஸ் அமைப்பு 1883-இல் பாரிசில் நிறுவப்பட்டது. புதுச்சேரியில் 1889-இலும், சென்னையில் 1953-இலும் அதன் கிளைகள் அமைந்தன. சென்னைக் கிளை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இயங்குகிறது. அதே 1953-இல் கஸ்தோன் மொழே எழுதிய பாடநூல் வெளிவந்தது. நீல அட்டையால் ‘நீல மொழே’ என்று அழைக்கப்பட்ட அந்நூல் உலகெங்கும் பல தலைமுறை மாணவர்களின் கைகளில் தவழ்ந்தது. இலக்கணம், வாசிப்பு, பயிற்சி என்ற வரிசையே அதன் போக்கு.

காதுக்கு முதலிடம் கொடுத்த மாற்றம் அடுத்த பத்தாண்டில் வந்தது. பீட்டர் குபெரினா, போல் ரிவான் ஆகியோர் உருவாக்கிய ஒலி-ஒளி முறையில் மாணவர் முதலில் ஒலிநாடாவைக் கேட்டார்; திரையில் படத்தைப் பார்த்தார்; பிறகே எழுத்தைக் கண்டார். ஒலிநாடாவும் பின்னர் கேசட்டும் வந்தபோது பாடலும் வகுப்பறைக்குள் எளிதாக நுழைந்தது.

சென்னைப் பள்ளி, கல்லூரிகளில் பிரெஞ்சு வேறொரு வகையில் நிலைபெற்றது. மேல்நிலை வகுப்பிலும் பட்டப்படிப்பிலும் மொழிப்பாடமாகப் பிரெஞ்சை எடுப்போருள் பலர், அதிக மதிப்பெண் கிடைக்கும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தனர். எழுத்துத் தேர்வை மையமாகக் கொண்ட அமைப்பில் வினைத்திரிபுப் பட்டியலை மனப்பாடம் செய்தாலே போதுமானதாக இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெற்ற மாணவர், பாரிசிலிருந்து வந்த ஒருவர் வழி கேட்டால் புரியாமல் விழிப்பதற்கு அவருடைய திறமைக் குறைவு காரணமன்று. அவர் காதுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை என்பதே காரணம்.

தமிழ்க் காதுக்குப் பிரெஞ்சு

தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும். பிரெஞ்சில் அப்படியில்லை. ‘மிகுதி’ என்று பொருள்படும் ‘போக்கூ’ என்ற சொல்லை எட்டு எழுத்துகளால் எழுதுகின்றனர். ஒலிப்பது நான்கு ஒலிகளே. ‘பேசு’ என்ற வினையை நான், நீ, அவர்கள் என்ற மூன்றுக்கும் எழுதும்போது ஈறுகள் வேறுபடும். ஒலிக்கும்போது மூன்றும் ‘பார்ல்’ என்றே முடியும்.

இதனால் ஒரு முக்கிய விளைவு உண்டு. தமிழில் ‘பேசுகிறேன்’ என்றாலே ‘நான்’ என்பது விளங்கும், எழுவாயை விட்டுவிடலாம். பிரெஞ்சில் விட்டுவிட்டால் யார் பேசுகிறார் என்பது கேட்பவருக்குத் தெரியாது. இலக்கண விதியாக இதைப் படித்த மாணவரும் பேசும்போது எழுவாயை விழுங்கிவிடுவது உண்டு. பாடலில் எழுவாயும் வினையும் ஒரே மூச்சில், ஒரே தாளக்கட்டில் வருகின்றன. நூறு முறை பாடியவரின் நாவில் அவை பிரியாத இணையாகவே பதிந்துவிடும்.

சொற்கள் புணரும்போது நேரும் மாற்றமும் இவ்வாறே. ‘நண்பர்கள்’ என்ற பிரெஞ்சுச் சொல் தனியே ‘அமி’. முன்னால் பன்மைச் சுட்டான ‘லே’ வந்தால் இடையே ‘ஸ்’ என்பதன் அதிர்வொலி தோன்றும். எழுத்தில் ஊமையாக இருந்த மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்குவதால் உயிர்பெறுகிறது. தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. இரண்டு உயிர்கள் சந்திக்கும் இடத்தில் உடம்படுமெய் தோன்றுவதையும், மெய்யீற்றின்மேல் உயிர் ஏறி நிற்பதையும் நன்னூல் வழி அவர் அறிந்திருக்கிறார். பிரெஞ்சுப் புணர்ச்சியைத் தமிழ்ப் புணர்ச்சியோடு ஒப்பிட்டுச் சொல்லி, பிறகு பாடலில் கேட்கச் செய்தால் விதி உடனே விளங்கும்.

பெல்ஜியப் பாடகர் ஸ்திரோமாயின் 2013-ஆம் ஆண்டுப் பாடல் ‘பாபாவூத்தே’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘அப்பா, நீ எங்கே இருக்கிறாய்?’ என்ற கேள்வியைக் காதில் விழுவதுபோலவே ஒரே சொல்லாக ஒட்டி எழுதிய தலைப்பு அது. அகராதியில் தேடினால் அச்சொல் கிடைக்காது. வாய்விட்டுச் சொன்னால்தான் மூன்று சொற்கள் வெளிப்படும்.

மூக்கொலி உயிர்கள் பிரெஞ்சில் கடினம் என்று பலர் அஞ்சுவர். பேச்சுத் தமிழில் ‘மரம்’ என்பதன் ஈற்றில் மகர மெய் முழுமையாக ஒலிப்பதில்லை. உதடு மூடாமலே மூக்கின்வழி ஓகாரம் போல முடிகிறது. ‘நல்ல’ என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல் ‘போன்’ ஏறத்தாழ அப்படியே முடிகிறது. தம் வாயில் ஏற்கெனவே இருக்கும் ஒலியை இடம் மாற்றிப் பயன்படுத்தினால் போதும். தமிழில் இல்லாத ஒலி, ‘ஈ’ என்று ஒலித்தபடியே உதட்டை ‘ஊ’ போலக் குவித்துப் பெறும் உயிர். பாடலில் சுரம் நீளும் இடங்களில் அதை நிறுத்திப் பழகலாம். வேகமான பேச்சில் அந்த வாய்ப்பு இல்லை.

எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 60 பெரியவர்களுக்கு ஹங்கேரி மொழியின் 20 சிறு தொடர்களை 15 நிமிடம் கற்பித்தனர். சாதாரணமாகச் சொல்லிக் கற்றவர், தாளத்தோடு சொல்லிக் கற்றவர், பாடிக் கற்றவர் என மூன்று குழுக்கள். அம்மொழியில் திரும்பச் சொல்லும் சோதனைகளில் பாடிக் கற்ற குழுவே முந்தியது. சிறு தொடர்களுக்கும் குறுகிய நேரத்துக்கும் உரிய முடிவு இது. எனினும் வாய்ப்பாட்டையும் செய்யுளையும் ஓசையோடு ஒப்பித்துக் கற்ற நாட்டில் அது வியப்பளிக்காது.

பாடல் ஏமாற்றும் இடங்கள்

பாடலை மட்டும் நம்பினாலும் குறை உண்டு. பிரெஞ்சுச் சொற்களின் ஈற்றில் வரும் குறுகிய ‘எ’ ஒலி, அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிடும். பாட்டில் சுரத்தின் தேவைக்காக அது முழு அசையாக நீளும். ‘சிறிய’ என்பதன் பெண்பாற்சொல் பேச்சில் ஏறத்தாழ ‘ப்தீத்’. பாட்டில் ‘பெ-தீ-த’ என்று மூன்று அசையாகலாம். பாட்டில் கேட்டபடியே கடையில் பேசினால் செய்யுள் ஒப்பிப்பதுபோல் இருக்கும்.

மற்றொன்று மரியாதை. தமிழில் ‘நீ’, ‘நீங்கள்’ போலப் பிரெஞ்சில் ‘த்யு’, ‘வூ’ என இரண்டு முன்னிலைச் சொற்கள் உள்ளன. காதல் பாட்டுகளில் வருவது பெரும்பாலும் ‘த்யு’. அதை மட்டும் பழகியவர் அலுவலகத்தில் முன்பின் அறியாத அதிகாரியிடம் ‘த்யு’ என்றால், நம் ஊரில் வங்கி மேலாளரை ‘நீ’ என்றதற்குச் சமம். மேலும் துள்ளிசைப் பாடல்களில் எழுத்துகளை முன்பின் மாற்றிப் பேசும் தெருவழக்கும் கலந்து வரும்.

பயிலும் முறை

இக்குறைகளை ஒட்டி ஆசிரியர்கள் பின்பற்றும் வரிசை வருமாறு:

1. எழுத்தைப் பார்க்காமல் பாடலை இரண்டு மூன்று முறை கேட்டு, காதில் விழுந்த சொற்களை மட்டும் குறித்தல்.
2. சில சொற்கள் விடப்பட்ட பாடல் தாளில், கேட்டபடியே இடங்களை நிரப்புதல்.
3. முழு வரிகளையும் பொருளோடு படித்து, புணர்ச்சி நிகழும் இடங்களில் கோடிடுதல்.
4. பாடகருடன் சேர்ந்து பாடுதல்.
5. மெட்டை நீக்கி, அதே வரிகளைப் பேச்சாகச் சொல்லிப் பார்த்தல்.
6. ‘த்யு’ வரும் தொடர்களை ‘வூ’வுக்கு மாற்றிச் சொல்லுதல்.

கடைசி இரண்டு படிகளும் பலரால் விடப்படுபவை. பாடல் பேச்சாக மாறுவது அவற்றில்தான். தொடக்கநிலையினருக்கு எதித் பியாஃப், ஷார்ல் அஸ்னவூர், ழோ தசேன் போன்றோரின் தெளிந்த உச்சரிப்பு ஏற்றது.

இன்றைய தேவை

1985-இல் பிரான்ஸ் அரசு தொடங்கிய தெல்ஃப் சான்றிதழ்த் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்குக்கும் தலா 25 மதிப்பெண். வெற்றிக்கு மொத்தம் 50 வேண்டும். எந்தப் பகுதியிலும் 5-க்குக் குறையக் கூடாது. எழுத்தில் மட்டும் வல்லவருக்கு இங்கே இடமில்லை. கனடா அரசு குடியேற்றத் தெரிவில் பிரெஞ்சு அறிந்தவர்களுக்குக் கூடுதல் புள்ளிகள் அளிக்கிறது. 2023 முதல் அவர்களுக்கெனத் தனிச் சுற்றுகளையும் நடத்துகிறது. அதற்கான தேர்வுகளிலும் கேட்டல் ஒரு கட்டாயப் பகுதி.

பெருங்குடி, தரமணி உள்ளிட்ட பழைய மகாபலிபுரம் சாலைப் பகுதிகளில் தகவல் தொழில்நுட்பப் பணியாளர் மிகுந்திருப்பதால், முப்பது வயதுக்கு மேல் பிரெஞ்சு கற்கத் தொடங்குவோர் அங்கு உண்டு. வேலை நாளில் நுங்கம்பாக்கம் வரை சென்று வகுப்பில் அமர அவர்களுக்கு நேரம் வாய்ப்பது அரிது. பறக்கும் ரயிலில் பெருங்குடியிலிருந்து கடற்கரை வரை செல்லும் நேரத்தில் ஒரே பாடலைப் பலமுறை கேட்டுவிடலாம், செலவும் இல்லை. பள்ளியில் பிரெஞ்சு படித்து மதிப்பெண் மட்டும் பெற்றவர்களுக்கு இது விட்ட பாடத்தை மீண்டும் எடுக்கும் வழியாகும். அவர்களிடம் இலக்கணம் இருக்கிறது, இல்லாதது ஒலி.

பிரான்சில் 1982-இல் தொடங்கிய ஜூன் 21 இசை விழா சென்னையிலும் கொண்டாடப்படுகிறது. கோட்டைப் பாண்டு வாத்தியத்தைத் தீட்சிதர் கேட்ட நகரில் இன்று பிரெஞ்சுப் பாடல் மெட்டோடும் சொல்லோடும் ஒலிக்கிறது. கேட்பது, பாடுவது, பின்னர் பேசுவது என்ற வரிசையில் கற்பவருக்கு அது பொழுதுபோக்காக மட்டும் இராமல் பாடமாகவும் அமையும்.