கண்ணாடி பார்த்தும் பாராமலும்

வாய் ஒருபக்கம் கோணி, ஒரு கண் மூடாமல் நின்றுவிட்டால் அக்கம்பக்கத்தில் முதலில் வரும் யோசனை, ‘பலூன் ஊது, சூயிங்கம் மெல்லு.’ மெல்லும் தசைகளை இயக்குவது மூளையிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பு. பெல்ஸ் பால்சி என்னும் முகவாதத்தில் அடிபடுவது ஏழாவது நரம்பு. எத்தனை பாக்கெட் மென்றாலும் புருவம் உயராது.

இந்த ஐந்து, ஏழு கணக்கை வைத்துத்தான் முகவாதத்துக்கான இரண்டு பயிற்சிகளை எடைபோட வேண்டும். ஒன்று, கண்ணாடி முன் செய்யும் முகப் பயிற்சி. நெதர்லாந்தில் மைம் நடிப்பிலிருந்தே ‘மைம் தெரபி’ என்று இதன் ஒரு வகை உருவானது. மற்றொன்று மைண்ட்ஃபுல்னெஸ் தியானம். தீராத வலியோடு வாழும் நோயாளிகளுக்காக, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபட்-ஜின் 1979-இல் இதை ஒரு பயிற்சித் திட்டமாகத் தொடங்கினார்.

கண்ணாடி எதற்கு? கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே நமக்குத் தெரியும். தசைக்குள் இருக்கும் உணர்வான்கள் சொல்லிவிடும். முகத்தசைகளில் அவை அநேகமாக இல்லை. உதடு எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அறுபட்ட நரம்பிழை நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும், வளர்கிறபோது தடம் மாறுவதும் உண்டு. வாய்க்குப் போக வேண்டிய இழை கண்ணுக்குப் போய்விட்டால், சிரிக்கும்போதெல்லாம் கண் சுருங்கும். ஆகவே கண்ணாடி முன் முழுச் சிரிப்பு சிரிக்கக் கூடாது. உதட்டோரத்தை மெல்ல உயர்த்தி, கண் இமை சுருங்கத் தொடங்கும் அந்த இடத்திலேயே நிறுத்தித் தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடித்து பலூன் ஊதினால் தவறான அந்த இணைப்புதான் பலப்படும்.

தியானம் முகத்தை அசைக்கச் சொல்வதே இல்லை. படுத்துக்கொண்டு இடது கால் விரலிலிருந்து தலைவரை ஒவ்வோர் இடமாக உணரச் சொல்கிறது. முகத்தின் தொடுவுணர்வு ஐந்தாம் நரம்பின் பொறுப்பு. பெல்ஸ் பால்சியில் அது பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. ‘பாதி முகம் மரத்துப்போச்சு’ என்பவர் கன்னத்தில் பஞ்சால் தொட்டுப் பாருங்கள், தொட்டதைச் சொல்லிவிடுவார். மேலுதட்டில் மூச்சின் குளிர்ச்சி, தொங்கும் கன்னத்தின் கனம், மறுபக்கத் தாடையின் இறுக்கம் எல்லாம் அங்கே இருக்கின்றன. கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காமல் அவர் ஒதுக்கிவைத்த பாதி, கண்ணாடி இல்லாமல் அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது. என் பார்வையில் தியானத்தின் பெரிய வரவு இதுதான்.

நரம்பை அது வளர்த்துவிடாது. கோபன்ஹேகனில் சிகிச்சையே தராமல் கவனித்துவந்த பெல்ஸ் பால்சி நோயாளிகளில் சுமார் 70 சதவீதத்தினர் தாமாகவே முழுக்கக் குணமானார்கள். ‘தியானத்தில் சரியானேன்’ என்பவர்களின் வாக்குமூலத்தை இந்த எண்ணோடு சேர்த்தே கேட்க வேண்டும். முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்குவதை எதற்காகவும் தள்ளிப்போடக் கூடாது.

தியான ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘கண்ணை மூடுங்கள்’ என்கிறீர்கள். இமை மூடாதவருக்கு விழி மேலே சுழன்று வெண்படலம் மட்டும் வெளியே தெரியும். சற்று நேரத்தில் அது காய்ந்து எரியும். கண் சொட்டு போட்டுக்கொண்டு, இமையை விரலால் இறக்கி ஒட்டிக்கொள்ள அவகாசம் கொடுங்கள். ‘இதழோரம் மெல்லிய புன்னகை’ என்ற கட்டளையை இவர்களுக்கு விட்டுவிடலாம்.

தசை துவண்டு கிடக்கும் ஆரம்ப வாரங்களில் கண்ணாடிக்கு அதிக வேலையில்லை. அப்போது பயிற்சியாகத் தியானமே போதும் என்பேன். அசைவு திரும்பியதும் கண்ணாடிக்கு மாற்றே இல்லை. ஆனால் இமை சுருங்கத் தொடங்கும் கணத்தைப் பிடிக்கும் கூர்மை, தியானத்தில் பழகியவருக்குச் சீக்கிரம் வரும்.

எஞ்சுவது வெளியுலகம். அங்கே கண்ணாடி உதவாது. கல்யாண வீட்டில் போட்டோகிராபர் ‘கொஞ்சம் சிரிங்க சார்’ என்று மூன்றாம் முறை சொல்லும்போது காதோரம் சூடேறும். அந்தச் சூட்டைக் கவனித்து ஒரு மூச்சு விட்டுப் பழகியவரால், தலையைத் திருப்பிக்கொள்ளாமல், ‘நான் சிரிச்சுட்டுத்தாம்பா இருக்கேன், எடு’ என்று சொல்ல முடிகிறது.