கண்ணுல இருக்குற அந்த வெள்ளைப் புள்ளி... போட்டோவில் முகம் உயிரோட தெரிய காரணம் என்ன?

கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது கவனித்திருப்பீர்கள். அதே மேக்கப், அதே பட்டுப்புடவை, அதே கேமரா. ஒரு போட்டோவில் மணப்பெண் நேராக நம்மைப் பார்ப்பது போல இருக்கும். அடுத்த போட்டோவில் தூக்கம் கலையாத முகம் மாதிரி இருக்கும். இரண்டையும் பெரிதாக்கி, கண்களை மட்டும் பாருங்கள். முதல் படத்தில் கண்ணுக்குள் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். இரண்டாவதில் அது இருக்காது.

போட்டோகிராபர்கள் இதை 'கேட்ச்லைட்' என்கிறார்கள். சினிமாவில் 'ஐ லைட்'.

புள்ளி எங்கிருந்து வருது?

கண்ணுக்குள்ளே இருந்து இல்லை. கண்ணின் முன்பக்கம் மூடியிருக்கும் கார்னியா எப்போதும் ஈரமாக, வளைந்த கண்ணாடி போல இருக்கிறது. எதிரே உள்ள வெளிச்சத்தை அப்படியே திருப்பிக் காட்டும். ஜன்னல் முன்னால் நின்றால் புள்ளி சதுரமாக விழும். ரிங் லைட் என்றால் வளையமாக விழும். இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் யார் ரிங் லைட் வைத்து எடுக்கிறார்கள் என்பதை அவர்கள் கண்ணே சொல்லிவிடும்!

நம்ம ஊரில் பெரும்பாலானவர்களுக்கு கண்ணின் நிறம் அடர் பழுப்பு. வெளிச்சம் படாவிட்டால் அந்தப் பழுப்பும் நடுவில் உள்ள கறுப்புக் கண்மணியும் ஒன்றாகக் கலந்து, கண் இரண்டு இருட்டுக் குழியாகத் தெரியும். அதனால் வெளிர் நிறக் கண்ணைவிட நமக்கு இந்தப் புள்ளி அதிகம் தேவை. மதியம் 12 மணி வெயிலில் எடுத்த படங்கள் மோசமாக வருவதும் இதனால்தான். உச்சி வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும். தலைக்கு மேலே மட்டும் லைட் போட்ட மண்டபத்திலும் அதே கதைதான்.

ஒரு நடிகைக்காக வந்த லைட்

பம்பாயில் பிறந்து ஹாலிவுட்டில் நட்சத்திரமான மெர்ல் ஓபரானுக்கு 1937ல் லண்டனில் கார் விபத்து. முகத்தில் தழும்பு விழுந்தது. 1944ல் வெளியான 'தி லாட்ஜர்' படத்துக்காக ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், கேமரா லென்ஸுக்கு ஒட்டியே ஒரு சிறிய விளக்கைப் பொருத்தினார். நேராக விழுந்த அந்த வெளிச்சத்தில் தழும்பு மறைந்தது, கண்ணும் மின்னியது. அதற்கு அவர் பெயராலேயே 'ஓபி லைட்' என்று பெயர் வந்தது.

வேண்டுமென்றே கண்ணை இருட்டாக்கியவர்களும் உண்டு. 'தி காட்ஃபாதர்' (1972) படத்தில் கோர்டன் வில்லிஸ் மேலிருந்து மட்டும் லைட் போட்டு மார்லன் பிராண்டோவின் கண்களை நிழலில் வைத்தார். அந்த மனுஷன் என்ன நினைக்கிறார் என்பது தெரியக்கூடாது, அதுதான் கணக்கு. ஆனால் வளைகாப்பு போட்டோவுக்கு இது வேண்டாம்.

செல்போனில் எப்படி எடுக்கலாம்?

பூந்தமல்லியைத் தாண்டி செம்பரம்பாக்கத்தில் ஈவிபி ஃபிலிம் சிட்டி இருக்கிறது. இது போன்ற இடங்களில் ஷூட்டிங் பார்த்தவர்களுக்குத் தெரியும், குளோசப் எடுக்கும்போது யாராவது ஒருவர் வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வீட்டில் அதையே செய்யலாம். தெர்மாகோல் இல்லையா, வெள்ளை வேட்டியை மடியில் விரித்தாலும் போதும். வாசலுக்கு உள்ளே ஓரடி தள்ளி, வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வையுங்கள். "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லுங்கள். கடிகாரத்தில் 10 மணி அல்லது 2 மணி இருக்கும் இடத்தில் புள்ளி விழுந்தால் இயல்பாக இருக்கும். பாஸ்போர்ட் போட்டோவுக்கு விதி வேறு: கண்கள் சிவப்பாகத் தெரியக்கூடாது.

இந்த வெள்ளை மட்டும் வேற

இதுவரை சொன்னது கண்ணின் மேலே விழும் சின்னப் புள்ளி. இருட்டில் ஃபிளாஷ் போட்டால் கண்மணி முழுக்க சிவப்பாகத் தெரிவது வேறு. விரிந்திருக்கும் கண்மணி வழியாக வெளிச்சம் உள்ளே போய், ரத்த ஓட்டம் உள்ள விழித்திரைப் பகுதியில் பட்டுத் திரும்புகிறது. அது சாதாரணம்தான்.

ஆனால் குழந்தையின் ஒரு கண் சிவப்பாகவும், இன்னொரு கண்மணி முழுவதும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் அதை விட்டுவிடக்கூடாது. பிறவிக் கண்புரையாக இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். இது பெரும்பாலும் 5 வயதுக்குள் வருவது. உலகம் முழுக்கப் பல பெற்றோர் இதை முதலில் பார்த்தது குடும்ப போட்டோவில்தான். மாறுகண்ணும் ஒரு அறிகுறி. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம், பல நேரங்களில் பார்வையையும்.

பதறவும் வேண்டாம். குழந்தை லேசாகப் பக்கவாட்டில் பார்க்கும்போது ஃபிளாஷ் பார்வை நரம்பில் பட்டு வெள்ளையாகத் தெரிவது உண்டு. அது நோய் இல்லை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது கண் டாக்டர், கூகுள் அல்ல. சில செல்போன்களும் ஆப்களும் ரெட்-ஐயைத் தானாகவே திருத்திவிடும். அப்போது இந்த வெள்ளையும் மறைந்துபோகலாம் என்பதால், திருத்தாத ஒரிஜினல் போட்டோவை அழிக்காமல் வைத்திருங்கள்.

பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை பக்கம். அரசு மருத்துவமனை என்றால் 1819ல் தொடங்கப்பட்ட எழும்பூர் கண் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது அந்த போட்டோவை செல்போனில் எடுத்துப் போங்கள். எந்தக் கண், எத்தனை படங்களில், எப்போதிலிருந்து தெரிகிறது என்பதை டாக்டரிடம் காட்டிச் சொன்னால், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு உள்ளே பரிசோதிப்பார்கள்.