நம்ம ஆபீஸ் போன் வந்த கதை

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று தலைவி அக்கா சொன்னதும் எனக்கு நம்ம ஆபீஸ் போன்தான் ஞாபகம் வந்தது. நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். போன் மேசையில் உட்கார்ந்த பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முன்னே நம்ம ஆபீஸில் ரெண்டே லைன். தவணை கட்டுகிற வாரம் எந்நேரமும் எங்கேஜ்தான். வீட்டுக்காரரைப் பறிகொடுத்த ஒரு அக்கா, இன்சூரன்ஸ் பாரம் கொடுக்கக் கடைசி நாள் எது என்று கேட்க மூணு நாள் கூப்பிட்டும் லைன் கிடைக்கவில்லை. கூலியை விட்டுவிட்டு, ரெண்டு பஸ் மாறி நேரில் வந்து நின்றார். அதற்கப்புறம்தான் புது லைனுக்குத் தீர்மானம் போட்டோம்.

அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்சில் ஆள் உட்கார்ந்து, யார் வேணும் என்று கேட்டு, ஒயரைச் செருகித்தான் இணைப்பார்கள். அமெரிக்காவில் இந்த வேலைக்கு முதலில் பையன்களை வைத்தார்கள். அவர்கள் மரியாதையில்லாமல் பேசினார்கள் என்று 1878-இல் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்ற பெண்ணைச் சேர்த்தார்கள். பெண் ஆபரேட்டர்களில் அவர்தான் முதல். 1882-இல் நம்ம சென்னைக்கும் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது.

இந்த ஆபரேட்டரே வேண்டாம் என்று நினைத்தவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். அவரும் அமெரிக்காதான், சவ அடக்கம் செய்து கொடுக்கிற தொழில். தனக்கு வருகிற அழைப்பை ஆபரேட்டர் அம்மா போட்டிக்காரருக்குத் திருப்பி விடுகிறார் என்று அவருக்குச் சந்தேகமாம். அந்த அம்மா போட்டிக்காரரின் மனைவி என்றுகூடக் கதை சொல்வார்கள். நிஜமோ பொய்யோ, 1891-இல் தானாக இணைக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷமே லா போர்ட் என்ற ஊரில் அது ஓடியது.

நம்ம நாட்டில் 1984-இல் சாம் பிட்ரோடா முயற்சியில் சி-டாட் வந்தது. கிராமத்து வெயிலில் ஏசி இல்லாமல் ஓடுகிற 128 லைன் எக்ஸ்சேஞ்சை அவர்கள் செய்தார்கள். மஞ்சள் போர்டு பூத்தை யார் மறப்போம்? சிவப்பு நம்பர் ஓட ஓட எங்க அப்பாவுக்குப் பேச்சே வராது.

இப்போது நாம் வாங்கியது டிஜிட்டல் டிரங்க். ஒரே லைனில் 30 பேர் பேசலாம். எப்படி என்றால், குரலை விநாடிக்கு 8,000 தடவை அளந்து எண்ணாக்கி, ஒவ்வொருத்தர் குரலிலும் ஒரு துண்டு எடுத்து, கதம்பம் கட்டுகிற மாதிரி மாற்றி மாற்றிக் கோத்து அனுப்புகிறார்கள். மொத்தம் 32 கண்ணி. 30 பேச்சுக்கு. ஒன்று வரிசை தப்பாமல் பார்த்துக்கொள்ள, இன்னொன்று யார் யாரைக் கூப்பிடுகிறார் என்ற சேதிக்கு.

பெட்டியை மாட்டின அன்று பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் ஒரு போனும் வரவில்லை. ரெண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். எக்ஸ்சேஞ்ச் நம்ம நம்பரில் கடைசி நாலு இலக்கம்தான் அனுப்புகிறதாம். பெட்டியிலோ எஸ்டிடி கோடோடு முழு நம்பரைப் போட்டிருந்தார்கள். அதைத் திருத்தியதும் மணி அடித்தது.

கடனுக்கு 1, இன்சூரன்சுக்கு 2, சேமிப்புக்கு 3 என்று ரெக்கார்டு குரல் வைத்தோம். முதல் வாரம் பாதிப் பேர் அந்தக் குரலிடம் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். நம்பர் போடப் பேரனைக் கூப்பிடுகிற பாட்டி 2-ஐ எங்கே தேடுவார்? பத்து விநாடி எதையும் அழுத்தாவிட்டால் என் மேசைக்கு வரட்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். "அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு?" என்று பொருளாளர் அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் கை தூக்கினவர்கள் அதிகம், மாற்றிவிட்டோம்.

போன மாசம் அந்த இன்சூரன்ஸ் அக்கா கூப்பிட்டார். எதையும் அழுத்தவில்லை.

"யாரும்மா, மெசினா?" என்றார்.

"இல்லக்கா, நான்தான். சொல்லுங்க" என்றேன்.