உமிழ்நீர்க் கால்சியமும் வெற்றிலைச் சுண்ணாம்பும்: பாரோய்த் தமிழரிடையே ஈறு நோயை அளப்பது குறித்து

பாரோய் இன்று சிரம்பானின் புறநகர். கோலப்பிலா செல்லும் சாலையை ஒட்டி வீடமைப்புப் பகுதிகள், கடைவரிசைகள், துவாங்கு அப்துல் ரஹ்மான் விளையாட்டரங்கம் என்று ஊர் விரிந்துவிட்டது. நெகிரி செம்பிலானின் பால்மரத் தோட்டங்களில் லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்த தமிழர்கள் பலர் இப்போது இத்தகைய புறநகர்களில்தான் வாழ்கிறார்கள். லயத்தை விட்டு வந்த மூத்தவர்களில் பலர் வெற்றிலை பாக்கை விட்டு வரவில்லை. வாயில் ஊறும் நீரிலுள்ள தாதுப்பொருள்களை அளந்து ஈறு நோயைக் கண்டுபிடிக்கலாம் என்ற கருத்தை இந்த மக்களிடம் பொருத்திப் பார்க்கும்போது, வெற்றிலைச் சுண்ணாம்பைக் கணக்கில் சேர்க்காமல் ஓரடி கூட நகர முடியாது. இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் அதுதான்.

கருத்து கவர்ச்சியானது என்பதில் ஐயமில்லை. ஊசி வேண்டாம், வலி இல்லை. ஒரு குப்பியில் துப்பினால் போதும். ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீரில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், பாஸ்பேட் ஆகியன கரைந்துள்ளன. கால்சியம் மட்டும் லிட்டருக்கு ஏறத்தாழ 40 முதல் 80 மில்லிகிராம். பல்லின் எனாமலைக் கட்டும் தாது படிவதற்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே கால்சியமும் பாஸ்பேட்டும் உமிழ்நீரில் இருக்கின்றன. ஸ்டாதெரின் போன்ற புரதங்கள் தடுத்து நிறுத்துவதால்தான் அவை கண்ட இடத்தில் படிகமாவதில்லை. ஆனால் பல்லின் மேல் ஒட்டிய அழுக்குப்படலத்துக்குள் இந்தத் தடை முழுமையாகச் செல்லுபடியாவதில்லை. அங்கே தாது இறங்கி இறுகிப் பற்காரையாகிறது. உமிழ்நீர் நாளங்கள் வாய் திறக்கும் இடங்களான கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்புறத்திலும் காரை முதலில் படிவதற்குக் காரணம் இதுவே.

ஃபின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்கள் 1980களின் இறுதியிலும் 1990இலும் வெளியிட்ட ஆய்வுகளில், பற்சூழ் திசு நோய் உள்ளவர்களின் உமிழ்நீரில் கால்சியம் கூடுதலாக இருப்பதாகக் கண்டார்கள். கால்சியம் மிகுந்தால் அழுக்குப்படலம் விரைவாகக் காரையாகிறது, காரை ஈறைத் தொடர்ந்து உறுத்துகிறது என்பது அவர்கள் காட்டிய வழி. தர்க்கம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க இதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. அது தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் வாயிலிருந்தே கிடைத்தது.

1970இல் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் பற்களைப் பரிசோதித்தார்கள். மலையகத் தமிழர்கள் அவர்கள். மலாயாவின் பால்மரத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த அதே கங்காணி முறைதான் அவர்களின் முன்னோரையும் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டு சென்றது. இத்தொழிலாளர்களிடம் பல் துலக்கும் வழக்கம் இல்லை. பல் மருத்துவமும் எட்டியதில்லை. 1971, 1973, 1977, 1982, 1985 என ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் வந்து அதே பற்களைப் பார்த்தார்கள். கடைசி முறை 161 பேர் எஞ்சியிருந்தனர். 1986இல் வெளியான முடிவு பல் மருத்துவ உலகைப் புரட்டிப்போட்டது.

எல்லார் பல்லிலும் அழுக்கும் காரையும் கறையும் அப்பியிருந்தன. ஏறக்குறைய எல்லா ஈறுகளிலும் அழற்சி இருந்தது. சொத்தைப் பல் அனேகமாக இல்லை. ஆகவே விழுந்த பற்கள் ஈறு நோயால்தான் விழுந்தன என்று துணிந்து கூற முடிந்தது. அப்படியிருந்தும் நோய் எல்லாரையும் ஒன்றுபோலத் தாக்கவில்லை. நூற்றுக்கு 8 பேரிடம் அது விரைந்து பரவியது: 35 வயதுக்குள் 12 பற்கள் போயின, 40 வயதில் 20, 45 வயதில் வாயில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. 81 பேரிடம் மெதுவாக நகர்ந்து, 45 வயதில் சராசரியாக ஏழு பற்களைப் பறித்தது. மீதி 11 பேருக்கோ ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் முன்னேறவே இல்லை. பல் இழப்பும் கிட்டத்தட்ட இல்லை.

அந்த ஆய்வு பல்லையும் ஈறையும் பார்த்தது. உமிழ்நீரின் உப்புகளை அளக்கவில்லை. ஆயினும் இங்கே அது சொல்வது தெளிவு. தாதுப்பொருள் காரையாகப் படிவது எல்லாரிடமும் நடந்தது. பல் முழுவதையும் இழந்தவனுக்கும் ஒன்றும் இழக்காதவனுக்கும் இடையே பற்காரை வேலி போடவில்லை. இதே தொழிலாளர்களில் 75 பேரை 2010இல் மறுபடி பரிசோதித்து 2017இல் வெளியான ஆய்வு, காரையும் ஈறு அழற்சியும் நோய் முன்னேற்றத்தோடு தொடர்புடையவை என்றே காட்டியது. காரையை அகற்ற வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் காரைக்கு மூலப்பொருளான கால்சியத்தை உமிழ்நீரில் அளந்து, யாருடைய பல் விழும் என்று கணிக்க முற்படுவது அந்தச் சான்றுக்கு மீறிய துணிச்சல்.

பாரோய் போன்ற ஊரில் சிக்கல் இன்னும் கூடுகிறது. வெற்றிலை போடுபவர் வாயில் வைக்கும் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. வாயில் அது கால்சியத்தை நேரடியாகக் கொட்டுகிறது, காரத்தன்மையையும் ஏற்றுகிறது. கார நிலையில் கால்சியம் பாஸ்பேட் எளிதில் படியும். மெல்லும்போது உமிழ்நீர் பெருகுகிறது. பெருகினால் அதில் சோடியமும் பைகார்பனேட்டும் ஏறும். பாக்கில் செம்பு மிகுதி என்பதும், வாயின் உட்படலம் இறுகும் நாரிழைத் தடிப்பு நோயில் அந்தச் செம்புக்குப் பங்கு இருக்கலாம் என்பதும் ஆய்வாளர்கள் நன்கறிந்தவை. ஆக, கால்சியம், சோடியம், செம்பு ஆகிய மூன்றின் அளவும் ஈறு நோய் இல்லாமலேயே மாறிவிடக் கூடும். புகையிலை சேராத பாக்கைக்கூடப் புற்றுநோய்க் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. மலேசியாவில் 1993-94இல் 11,697 பேரிடம் நடந்த தேசிய வாய்நோய்க் கணக்கெடுப்பில், புற்றுக்கு முந்தைய வாய்த் திசு மாற்றங்கள் இந்தியரிடமே மிகுதி என்று தெரியவந்தது. வெற்றிலை மெல்வதைப் பற்றி நோயாளியிடம் கேட்பதற்கு ஈறைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியுள்ளது.

அடுத்தது நீரிழிவு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடமே அது மிக அதிகம். நீரிழிவு ஈறு நோயைத் தீவிரமாக்கும். பலருக்கு வாயை உலர்த்தியும் விடும். சுரப்பு குறைந்த வாயில் உப்புகளின் செறிவு வேறாகிவிடுகிறது. ஒரே குப்பி உமிழ்நீரில் தெரியும் எண் ஈறைச் சொல்கிறதா, சர்க்கரையைச் சொல்கிறதா, காலையில் போட்ட வெற்றிலையைச் சொல்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை.

அப்படியானால் தாதுப்பொருள் அளவே பயனற்றதா? இல்லை. அளக்கும் நீரை மாற்ற வேண்டும். பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள குறுகிய பள்ளத்தில் ஒரு திரவம் கசிகிறது. இரத்த ஊனீரிலிருந்து வருவது அது. அழற்சி கூடக் கூடக் கசிவும் கூடும். 1962இல் கிராசே, ஏகெல்பெர்க் என்ற இருவர் அதிலுள்ள சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் விகிதத்தை ஆராய்ந்தார்கள். உயிரணுவுக்கு வெளியே உள்ள திரவத்தில் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் விகிதம் ஏறத்தாழ 28:1. ஈறுப் பள்ளத்தில் அது 4:1 என்ற அளவுக்குச் சரிந்திருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல: பொட்டாசியம் உயிரணுக்களின் உள்ளே நிறைந்திருப்பது, அணுக்கள் சிதைந்தால் வெளியே வழியும். நோய் நடக்கும் இடத்திலேயே, திசு அழிவின் நேரடி விளைவாகவே எழும் எண் இது. உமிழ்நீர்க் கால்சியத்துக்கு அந்தத் தகுதி இல்லை.

இதிலும் கவனம் வேண்டும். பள்ளத்தில் கிடைப்பது ஒரு மைக்ரோலிட்டர் அளவு. மெல்லிய உறிஞ்சுதாள் பட்டையை நுழைத்து எடுக்க வேண்டும். உமிழ்நீரில் பொட்டாசியம் இரத்த ஊனீரைவிடப் பல மடங்கு. பட்டையில் சிறிது உமிழ்நீர் பட்டால் நோய் இல்லாத ஈறும் நோயுற்றதாகத் தோன்றும். ஈறு கசிந்து இரத்தம் கலந்தாலும் எண் தவறாகிவிடும். பல்லைப் பஞ்சால் ஒதுக்கி உலர்த்தி, இரத்தம் பட்ட பட்டையைத் தள்ளிவிட்டு எடுத்தால்தான் அளவு நம்பத்தக்கது.

இன்று பல நாடுகளில் பேசப்படும், எம்எம்பி-8 என்ற நொதியை அளக்கும் சோதனையும் இதே வழியில் செல்வதுதான். ஈறின் கொலாஜனைக் கரைக்கும் அந்த நொதி துத்தநாகம் இல்லாமல் இயங்காது. அதன் கட்டமைப்பு நிலைத்திருக்கக் கால்சியம் வேண்டும். தாதுப்பொருளின் மொத்த அளவைவிட, தாது எங்கே, எதனோடு சேர்ந்து வேலை செய்கிறது என்பதே நோயைக் காட்டிக்கொடுக்கிறது.

மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தேசிய வாய்நலக் கணக்கெடுப்பு, பல் உள்ள பெரியவர்களில் 94 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒருவகை ஈறுக் கோளாறு உண்டு என்றது. நோய் இவ்வளவு பரவலாக இருக்கும்போது, நோய் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் சோதனையால் பெரிய பயன் இல்லை. யாருக்கு அது விரைந்து முற்றும் என்பதே தெரிய வேண்டும். அதற்கு இன்றும் சிறந்த கருவி ஈறுப் பள்ளத்தை அளக்கும் மில்லிமீட்டர் குறியிட்ட ஆழமானிதான். மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றால் பொதுவாக நலம். ஆறைத் தொட்டால் ஆபத்து.

நெகிரி செம்பிலானில் இத்துறையில் ஆய்வு செய்ய முன்வரும் பல் மருத்துவ மாணவர்கள், உமிழ்நீரைச் சேகரிக்கும் முன் நான்கு செய்திகளைப் பதிவு செய்ய வேண்டும்: கடைசியாக வெற்றிலை போட்ட நேரம், சுண்ணாம்பு சேர்த்தாரா என்பது, இரத்தச் சர்க்கரை அளவு, நிமிடத்துக்கு எவ்வளவு உமிழ்நீர் சுரக்கிறது என்பது. இவை இல்லாத கால்சிய அட்டவணையை ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது.