‘இரும்பு டியூக்’ பிறந்த கதை

குன்னூரை விட்டுக் கிளம்பும் மலை ரயில் ஊட்டிப் பக்கம் ஏறத் தொடங்கியதும் முதலில் வரும் ஸ்டேஷன் வெலிங்டன். படகர் ஊரான ஜக்கதளாவின் பெயரைச் சொல்லி 1850-களில் கட்டிய ராணுவக் குடியிருப்பு பிறகு இந்தப் பெயருக்கு மாறியது. வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆர்தர் வெல்லஸ்லிக்கு அவர் நாடு கொடுத்த பட்டம் அது. மழைக்காலத்தில் முழங்கால் வரை போடும் பூட்ஸுக்கும் அவர் பெயர்தான்.

அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு. ‘இரும்பு டியூக்’. அசைக்க முடியாத நெஞ்சுரம் கொண்ட தளபதி என்று வீரர்கள் கொண்டாடிச் சூட்டிய பெயர் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அவர் போரில் ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பெயரே கிடையாது. வாட்டர்லூ முடிந்து பதினைந்து வருடம் கழித்து, அவரை நாட்டுக்கே பிடிக்காமல் போன நாட்களில் பிறந்தது அது.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1769-ல் டப்ளினில் பிறந்தவர். நெப்போலியன் பிறந்ததும் அதே வருடம். 1797-ல் ஒரு படைப்பிரிவின் கர்னலாக இந்தியா வந்தார். அடுத்த வருடமே அண்ணன் ரிச்சர்ட் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கியது தம்பிக்கு வசதியாகப் போயிற்று. திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில், 1799 ஏப்ரல் 5 இரவு, சுல்தான்பேட்டைத் தோப்புக்குள் படையோடு புகுந்து இருட்டில் திசை தெரியாமல் சிதறி, முழங்காலில் குண்டு பட்டுத் திரும்பினார். ஆங்கிலேய ராணுவக் குறிப்புகளில் அந்த இடத்துக்கு ‘டோப்’ என்றே பெயர், நம் தோப்புதான். அந்த அவமானத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. ஒரு மாதத்தில் கோட்டை விழுந்தது. தம்பி ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கவர்னரானார். அண்ணன் தயவு என்று முணுமுணுத்தவர்கள் அன்றே இருந்தார்கள்.

நாடறிந்த சந்தேகம் முதலில் எழுந்தது 1808-ல். போர்ச்சுகலில் விமைரோ என்ற இடத்தில் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்த கையோடு, அவருக்கு மேலே இருந்த இரண்டு கிழட்டு ஜெனரல்கள் எதிரியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். தோற்ற பிரெஞ்சுப் படை கொள்ளையடித்த சாமான்களோடு பத்திரமாக ஊர் திரும்பலாம். அதுவும் பிரிட்டிஷ் கப்பல்களிலேயே! முதலில் எழுதிய போர்நிறுத்தத் தாளில் வெல்லஸ்லியின் கையெழுத்தும் இருந்தது. லண்டன் கொதித்தது. செல்சியில் ஊனமுற்ற, வயதான சிப்பாய்களைப் பராமரிக்கும் ராயல் ஹாஸ்பிடலின் பெரிய கூடத்தில் விசாரணை நடந்தது. பழி அவர் மீது நிற்கவில்லை. திரும்பவும் போர்ச்சுகலுக்குப் போனார்.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. ஸ்பெயினில் வெற்றி மேல் வெற்றி. 1812-ல் சலமாங்கா செய்தி வந்தபோது லண்டனே விளக்கேற்றியது. இந்த விளக்கேற்றும் வழக்கத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வெற்றிச் செய்தி வந்தால் தெருவைப் பார்த்த ஜன்னல்களில் எல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்க வேண்டும். கார்த்திகைக்கு நம் வாசலில் அகல் வைப்பது போல என்று நினைத்துவிடாதீர்கள். இது விருப்பப்பட்டவர் வைக்கும் விளக்கு இல்லை. இருட்டாக இருக்கும் ஜன்னலுக்குக் கூட்டம் கல்லால் பதில் சொல்லும். நாட்டின் சந்தோஷத்தில் சேராதவன் வீடு என்று அர்த்தம். வெலிங்டனின் வெற்றிகளுக்காக, கல்லடிக்குப் பயந்தாவது மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றிய ஏழை வீடுகள் எத்தனையோ.

1815 ஜூன் 18, வாட்டர்லூ. அதற்குப் பிறகு அவருக்குக் கிடைக்காத மரியாதை இல்லை. நாடாளுமன்றம் பணத்தைக் கொட்டிக் கொடுத்தது. ஹைட் பார்க்கின் மூலையில் இருந்த ஆப்ஸ்லி ஹவுஸை அண்ணனிடமிருந்து 1817-ல் வாங்கினார். அதன் எதிரிலேயே, பிரான்ஸிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கி, இங்கிலாந்துப் பெண்கள் திரட்டிக் கொடுத்த பணத்தில், 1822-ல் அகில்லிஸ் சிலை நின்றது. உடம்பில் துணியில்லாத பதினெட்டு அடி வீரன். ஓர் இலை மட்டும் மானம் காத்தது. கேலிச் சித்திரக்காரர்களுக்கு அன்றைக்குக் கொண்டாட்டம்.

வாட்டர்லூ நடந்த அதே வருடம்தான் தானியச் சட்டமும் வந்தது. உள்நாட்டுக் கோதுமை குவார்ட்டர் என்ற அளவுக்கு 80 ஷில்லிங் விலையைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமை உள்ளே வரக்கூடாது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு லாபம். ரொட்டி வாங்குகிறவனுக்கு அடி. போர் முடிந்து வேலையில்லாமல் ஊர் திரும்பிய சிப்பாய்க்கு வயிற்றுக்கும் இல்லை, ஓட்டும் இல்லை. மான்செஸ்டர் போன்ற பெரிய நகரத்துக்கு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. ஆளே குடியில்லாத ஓல்ட் சேரம் மேட்டுக்கு இரண்டு பேர். 1819 ஆகஸ்டில் மான்செஸ்டர் செயின்ட் பீட்டர் மைதானத்தில் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய கூட்டத்துக்குள் குதிரைப்படை வாளோடு புகுந்தது. பத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர், ஓல்டம் ஊர்க்காரர் ஜான் லீஸ், வாட்டர்லூவில் வெலிங்டனின் படையில் நின்றவர். உள்ளூர்ப் பத்திரிகை அந்தச் சம்பவத்துக்கு ‘பீட்டர்லூ’ என்று பெயர் வைத்தது. நாட்டின் மகா வெற்றியைத் திருப்பி ஆட்சியாளர் முகத்திலேயே எறிந்த பெயர். கல் எறிவதற்கு முன்னால் சொல் எறிந்தாகிவிட்டது.

1828-ல் வெலிங்டன் பிரதமரானார். படைக்கு உத்தரவிட்டே பழகியவர். அடுத்த வருடம் கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்துக்குப் போக வழிவிடும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதற்காகத் திட்டிய ஒரு பிரபுவோடு, பிரதமர் பதவியில் இருந்தபடியே, பாட்டர்ஸி வெளியில் துப்பாக்கிச் சண்டைக்குப் போய் நின்றார். நல்லவேளை, ஒருவர் மீதும் குண்டு படவில்லை. அந்தச் சட்டத்துக்காக அயர்லாந்து அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கலாம். ஆனால் அவர் பிறந்த அதே டப்ளினில், ‘ஃப்ரீமன்ஸ் ஜர்னல்’ பத்திரிகை 1830 ஜூனில் திரும்பத் திரும்ப எழுதிய வார்த்தை ‘இரும்பு டியூக்’. எதற்கும் வளையாதவர், யார் சொல்லும் காதில் ஏறாதவர் என்ற முகச்சுளிப்பு அதில் இருந்தது. பெயர் அச்சில் புழங்கத் தொடங்கியது இப்படித்தான்.

அந்த முகச்சுளிப்பு சரிதான் என்பதை அதே வருடம் நவம்பர் 2-ம் தேதி அவரே நிரூபித்தார். ஓட்டுரிமைச் சீர்திருத்தம் வேண்டுமா என்ற பேச்சு பிரபுக்கள் சபையில் வந்தது. இப்போது இருக்கும் ஏற்பாட்டை விட நல்லதை மனிதன் யோசித்துவிட முடியாது, நாட்டுக்கு இதன் மேல் முழு நம்பிக்கை இருக்கிறது, யார் மாற்ற வந்தாலும் எதிர்ப்பேன் என்ற பொருளில் பேசி உட்கார்ந்தார். சபை அதிர்ந்துபோனது. அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாராம். கலவரப் பயத்தில், 9-ம் தேதி லண்டன் மேயர் கொடுக்க இருந்த விருந்துக்கு ராஜாவும் போகவில்லை, பிரதமரும் போகவில்லை. 16-ம் தேதி ராஜினாமா.

இனி கல்லடி.

1831 ஏப்ரல் 22-ல், சீர்திருத்த மசோதாவுக்கு வழிவிடுவதற்காக ராஜா நாடாளுமன்றத்தைக் கலைத்தார். சந்தோஷத்தில் 27-ம் தேதி இரவு லண்டன் விளக்கேற்றியது. அதே மெழுகுவர்த்தி, அதே ஜன்னல், அதே கூட்டம். ஆப்ஸ்லி ஹவுஸ் மட்டும் இருட்டாக இருந்தது. டியூக்கின் மனைவி கிட்டி மூன்று நாள் முன்புதான், 24-ம் தேதி, கண்மூடியிருந்தார்; உடல் இன்னும் அந்த வீட்டிலேயே இருந்தது. துக்க வீடானாலும் இல்லாவிட்டாலும் அந்த ஜன்னல்களில் சீர்திருத்தத்துக்காக ஒரு திரி எரிந்திருக்காது என்பது கூட்டத்துக்குத் தெரியும். கல் பறந்தது. முப்பது ஜன்னல்கள் போல நொறுங்கின. வேலைக்காரர் ஒருவர் மொட்டை மாடிக்கு ஏறி வானத்தைப் பார்த்துச் சுட்டதும்தான் கூட்டம் கலைந்தது.

சாவு வீட்டில் கல் எறிந்ததை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் சலமாங்காவுக்கு விளக்கேற்றாதவன் வீட்டில் கல் விழுந்தபோது அதை யாரும் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லவில்லை, தேசபக்தி என்றார்கள்.

அக்டோபர் 8-ல் பிரபுக்கள் சபை மசோதாவை 41 ஓட்டு வித்தியாசத்தில் தள்ளியது. நாட்டிங்ஹாமில் ஒரு பிரபுவின் மாளிகை எரிந்தது, பிரிஸ்டலில் பெருங்கலவரம். 12-ம் தேதி ஆப்ஸ்லி ஹவுஸுக்கு மறுபடி கல்லடி. இதற்குப் பிறகு டியூக் உடைந்த கண்ணாடியை மாற்றுவதோடு நிற்கவில்லை. ஜன்னல்களுக்கு இரும்பு ஷட்டர் போட்டார்.

ஏற்கெனவே அச்சில் இருந்த பெயருக்கு இப்போது கண்ணால் பார்க்கும் சாட்சி கிடைத்தது. ஷட்டரால்தான் பெயர் வந்தது என்று லண்டன் வழிகாட்டிகள் சொல்வதுண்டு. டப்ளின் பத்திரிகை அதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் முந்தியது. ஆனாலும் பெயர் நிலைத்ததற்கு அந்த இரும்புத் தகடுகள் முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன். ஹைட் பார்க் மூலையைக் கடக்கிற ஒவ்வொருவருக்கும், பகலிலும் மூடிக் கிடந்த அந்த வீடு ஒரு பதிலாக நின்றது.

1832 மே மாதம், ராஜா மறுபடி வெலிங்டனை ஆட்சி அமைக்கச் சொன்னார். ‘டியூக்கை நிறுத்து, தங்கத்தை எடு’ என்ற பொருளில் சுவரொட்டிகள் கிளம்பின. ஃபிரான்சிஸ் பிளேஸ் என்ற தையல்காரரின் யோசனை அது. வங்கி நோட்டைக் கொடுத்துத் தங்கமாகக் கேட்டு ஜனங்கள் பாங்க் ஆஃப் இங்கிலாந்து வாசலில் குவிந்தார்கள். சில நாட்களில் டியூக் கையை விரித்தார். ஜூன் 7-ல் மசோதா சட்டமானது. அதற்குப் பிறகும் பெரும்பாலான உழைப்பாளிகளுக்கு ஓட்டு வரவில்லை, பெண்களுக்கு அறவே இல்லை. அது வேறு கதை.

பதினோரு நாள் கழித்து ஜூன் 18, வாட்டர்லூ நாள். பிஸ்த்ரூச்சி என்ற மெடல் கலைஞருக்கு முகம் காட்டி உட்கார, லண்டன் டவர் பக்கம் இருந்த நாணயச் சாலைக்குக் குதிரையில் போனார் டியூக். பின்னால் குதிரைக்காரர் ஒருவர் மட்டும். அவர் முகத்தை உலோகத்தில் வார்க்க ஒருவர் உள்ளே வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில் வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. கிளம்பியதும் கூச்சல், வசை, சேறு, கல். ஃபென்சர்ச் தெருவில் ஒருவன் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தான். அறுபத்து மூன்று வயது மனிதர் குதிரையை விரட்டவில்லை, நடை போட்டே போனார். வழியில் சேர்ந்துகொண்ட இரண்டு செல்சி ஓய்வூதியச் சிப்பாய்களைப் பக்கத்துக்கு ஒருவராக நடக்கச் சொன்னார் என்பது பின்னாளில் அவர் வாயாலேயே வந்ததாக வழங்கும் கதை. லிங்கன்ஸ் இன் வக்கீல் ஒருவரின் அறையில் கொஞ்ச நேரம் ஒதுங்கிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார். அன்று இரவு வழக்கமான வாட்டர்லூ விருந்து இருந்தது.

அவருடைய துணிச்சலை அந்தக் கூட்டம் ஒருநாளும் மறுத்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போரில் ஜெயித்தது உண்மை, அதற்கு மரியாதை உண்டு, அதற்காக யாருக்கு ஓட்டு என்பதை இவர் முடிவு செய்ய முடியாது என்றார்கள். வீரனைச் சந்தேகித்தவர்கள் எல்லாம் நன்றி கெட்டவர்கள் என்று எழுதிய வரலாற்றாசிரியர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை.

காலம் போகப் போகக் கோபம் ஆறியது. 1846-ல் தானியச் சட்டத்தை எடுக்கும் மசோதாவைப் பிரபுக்கள் சபையில் கரை சேர்த்தவர்களில் அவரும் ஒருவர். தெருவில் மறுபடி தொப்பியைத் தூக்கினார்கள். அப்படி வாழ்த்திக்கொண்டு வீடுவரை பின்னால் வந்த கூட்டத்துக்கு அவர் பேசாமல் ஷட்டரைச் சுட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனார் என்பார்கள். 1847-ல் ஒரு ரயில் இன்ஜினுக்கு ‘இரும்பு டியூக்’ என்று பெயர் வைத்தார்கள்; பிறகு போர்க்கப்பல்களுக்கும். வசை புகழாகிவிட்டது. இன்று அகராதியில் அந்தப் பெயருக்கு நேரே உறுதி, மன திடம் என்றுதான் இருக்கிறது, கல்லைக் காணோம்.

1852 செப்டம்பர் 14-ல் இறந்தார். நவம்பரில் அரசு மரியாதையோடு அடக்கம்; பன்னிரண்டு குதிரை பூட்டிய வெண்கல வண்டி பாரம் தாங்காமல் வழியில் ஓரிடத்தில் சிக்கி நின்றது. அதற்கு முன் ஒரு வாரம் பொதுமக்கள் பார்க்க உடலை வைத்திருந்தார்கள். அது செல்சி ராயல் ஹாஸ்பிடலின் பெரிய கூடம். நாற்பத்து நான்கு வருடம் முன்பு அவரை விசாரித்ததும் அங்கேதான்.