படிக்கலாம், எழுத முடியாது

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கும் வசதி லினக்ஸ் கர்னலுக்கு 1997-லேயே வந்துவிட்டது. மார்ட்டின் ஃபான் லோவிஸ் எழுதிய டிரைவர் அது. அதே டிஸ்க்கில் தாராளமாக எழுதும் வசதி கர்னலுக்குள் வந்ததோ 2021-ல், 5.15 பதிப்பில். இடையில் 24 ஆண்டுகள். ஆள் இல்லை, ஆர்வம் இல்லை என்று இதற்குக் காரணம் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். எந்தக் கோப்பு முறைமை வந்தாலும் பொருத்திக்கொள்ளும் விஎஃப்எஸ் என்ற பொது அடுக்கை லினக்ஸ் 1992-லேயே கட்டிவைத்திருந்தது. தடையாக நின்றது, டிஸ்க்கில் எது எங்கே எப்படி இருக்கும் என்ற முழு விவரத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிடாததுதான்.

படிப்பதற்குப் பாதி தெரிந்தால் போதும். எழுத முழுவதும் தெரிய வேண்டும். என்டிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவு உண்டு. வழக்கமாக அது 1024 பைட், அதாவது 512 பைட் செக்டர் இரண்டு. ஒவ்வொரு செக்டரின் கடைசி 2 பைட்டையும் எடுத்துப் பதிவின் முன்பகுதியில் பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு சரிபார்ப்பு எண்ணைப் போட்டுவைப்பார்கள். எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் இரண்டு செக்டரிலும் எண் மாறுபடும், கோளாறு பிடிபடும். படிப்பவர் அந்த பைட்டுகளைப் பழைய இடத்தில் வைத்துப் பார்த்தால் போதும். எழுதுபவரோ எண்ணைக் கூட்ட வேண்டும், காலியிட வரைபடத்தையும் ஃபோல்டர் பட்டியலையும் திருத்த வேண்டும், லாக் கோப்பு அவற்றோடு முரண்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று பிசகினாலும் போவது அடுத்தவரின் தரவு. அதனால்தான் 2002-ல் அன்டன் அல்டபர்மகோவ் திருத்தி எழுதிய டிரைவர்கூட, அளவு மாறாமல் கோப்பின் மேலேயே எழுதுவதோடு நெடுநாள் நின்றுகொண்டது. அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆவணம் இல்லாமலே 2007-ல் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற டிரைவர் முழுமையாக எழுதிக் காட்டவில்லையா என்று கேட்கலாம். காட்டியது, அரிய உழைப்பு அது. ஆனால் கர்னலுக்கு வெளியே, கோப்பு முறைமைகளைச் சாதாரண நிரலாக இயக்க உதவும் ஃபியூஸ் வழியாகத்தான் அது இயங்கியது. 2021-ல் உள்ளே வந்ததும், என்டிஎஃப்எஸ் டிரைவர்களை நெடுங்காலம் விற்றுவந்த பாராகான் நிறுவனம் கொடுத்த சுமார் 27,000 வரிகள். மெமரி கார்டுகளின் எக்ஸ்ஃபேட் கதை இதைவிடத் தெளிவு. அதற்குச் சாம்சங் எழுதிய டிரைவரின் மூலநிரல் 2013-லேயே கட்டற்ற உரிமத்தில் வெளிவந்துவிட்டது. காப்புரிமை அச்சத்தால் கர்னல் அதைத் தொடவில்லை. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் விவரக்குறிப்பை வெளியிட்டு, கர்னலில் சேர்ப்பதை ஆதரிப்பதாகவும் அறிவித்தது. சாம்சங்கின் பழைய நிரலிலிருந்து உருவான டிரைவர் ஒன்று அந்த நவம்பரிலேயே 5.4 பதிப்பில் இடம்பெற்றது.